முதல் குத்து மூச்சுக்கு

1

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆறு பெற்றேன், நான்கை வளர்த்து ஆளாக்கினேன். மற்ற இரண்டையும் தோட்டத்து மண் எடுத்துக்கொண்டது. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எங்கேயும் நான் கைநாட்டு வைத்ததில்லை. பெயரை எழுத்தில்தான் போடுவேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது எடுத்துப் படிக்கலாம்.

நான் இருப்பது மாலைதீவில் ஒரு சின்னத் தீவு. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், தீவை முழுதாகச் சுற்றி வரும்போது சோறு வடிக்கும் பதத்தில் இருக்கும். என் கடைசி மகள் ராஜேஸ்வரிக்கு இங்கே கடலுக்கு அடியில் வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களையும் கட்டவைத்து, ஆழத்துக்குக் கூட்டிப்போய் மீனும் பவளமும் காட்டி, உயிரோடு திரும்பக் கொண்டுவந்து கரை சேர்ப்பாள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். அவள் வேலை செய்யும் கடையில் நான் உடுப்புக் கழுவுகிறேன். கடலுக்குப் போய்வந்த ரப்பர் சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுவது என் பாடு.

போன மாசம் ஊரில் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலையிலிருந்து என் நாத்தனார் பாக்கியம் போன் எடுத்தாள். என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. நல்லதற்கு அவள் போன் எடுக்கிற வழக்கம் இல்லை.

"மதினி, வீடியோ பாத்தோம். ஊரே பாத்துச்சு. ஒங்க மக ஒரு வெள்ளக்காரன தண்ணிக்குள்ள போட்டு அந்தக் குத்து குத்துறா! எங்கண்ணன் கை அப்படியே வந்திருக்கு."

"யாரு குடுத்தா ஒனக்கு?"

"உக்குவள கடத்தெருவுல எல்லார் போன்லயும் கெடக்கு. புடிச்சு உள்ள போட்டுட்டாங்களாமே? நாட்ட விட்டே தொரத்தப் போறாங்களாமே?"

"அவ இப்பதான் சோறு தின்னுட்டுப் படுத்திருக்கா. எழுப்பவா?"

"ஐயோ, வேணாம். ஆனா மதினி, ஒரு குத்து இல்ல, ரெண்டு குத்து. நான் நல்லா உத்துப் பாத்தேன்."

அவள் உற்றுப் பார்த்தது சரிதான். இரண்டு குத்துத்தான். ஆனால் அந்தப் படத்தில் குத்துக்கு முன்னால் நடந்ததும் இல்லை, பின்னால் நடந்ததும் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாக்கியமும் வாசிக்கட்டும், கடைத்தெருவும் வாசிக்கட்டும்.

2

நான் பால் வெட்டுக்காரி. உக்குவளைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் விடிவதற்குள் மலையேறி, மரத்துக்கு மரம் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். என் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியதில்லை. கங்காணியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இங்கே வந்த முதல் நாள், கடையில் தொங்கிய கறுப்புச் சட்டைகளின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலைத் தாண்டி வந்தும் ரப்பர் என்னை விடவில்லை.

என் வீட்டுக்காரர் புகைக் காம்பராவில் ரப்பர் சீட்டு உலர்த்தும் வேலையில் இருந்தார். குடிக்காதபோது தங்கமான மனுஷன் என்று பாக்கியம் சொல்வாள். குடிக்காத அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கசிப்புச் சாராயத்தைப் போட்டுவிட்டு லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வருவார். வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். அடிப்பதற்கு முன் இரண்டு கன்னத்தையும் உப்பவைத்துக்கொண்டு மேலே கூரைத் தகரத்தைப் பார்ப்பார். கன்னம் இறங்கும்போது கை இறங்கும்.

யார் விழித்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் அடி. ஆகவே பிள்ளைகளுக்கு நான் ஒன்று பழக்கிவைத்திருந்தேன். கதவு கிறீச்சென்றதும் போர்வைக்குள் மூச்சை அடக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது. செத்த பிள்ளை மாதிரிக் கிடக்க வேண்டும். எந்தத் தாய் இதைச் சொல்லிக்கொடுப்பாள் என்று கேட்கிறவர்கள் அந்தக் காம்பராவில் ஓர் இரவு படுத்துவிட்டு வந்து கேட்கட்டும். நான்கும் உயிரோடு வளர்ந்தன.

இதில் ராஜிதான் கெட்டிக்காரி. ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்து, அவள் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தார். நாலு வயசு இருக்கும் அவளுக்கு. காற்று அசையவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிள்ளை செத்தேவிட்டது என்று நினைத்தேன். அவருக்குத்தான் முதலில் அலுத்தது. திரும்பி என்னிடம் வந்தார். அப்போது எனக்கு ஏழு மாசம். வயிற்றில் உதைத்தார். மண் எடுத்தது என்று சொன்னேனே, அந்த இரண்டில் ஒன்று அப்படிச் செத்துப் பிறந்தது.

பச்சை உடம்பு தேறியதும், அடுத்த தடவை கன்னம் உப்பியபோது பால் கத்தியை எடுத்தேன். அன்று என் கத்தி பட்டையோடு நிற்கவில்லை. முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை இறங்கியது. அதற்குப் பிறகு அவர் இடது கையால்தான் அடித்தார். இடது கை அடி அவ்வளவு வலிக்காது.

பிறகு மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் ரோட்டில் ஒரு குடிச் சண்டையில் யாரோ கத்தியால் குத்தி அவர் போய்ச் சேர்ந்தார். அழுதேன். அழாவிட்டால் ஊர் பேசும்.

3

ராஜி நீச்சல் பழகியது சுதுகங்கை ஆற்றில். உடுப்புத் துவைக்கக் கூட்டிப்போனால் தண்ணீரை விட்டு ஏற மாட்டாள். முங்கினால் எழும்பவும் மாட்டாள். கரையில் நிற்கும் பெண்கள் கூச்சல் போட, நான் மட்டும் பேசாமல் துவைத்துக்கொண்டிருப்பேன். அவள் மூச்சு எனக்குத் தெரியும்.

வயசு வந்ததும் திருகோணமலைப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அவளும் உடுப்புக் கழுவத்தான் போனாள். கடலுக்கடியில் ஆள் கூட்டிப்போகும் ஒருவர் அங்கே இருந்தார். எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். இவள் நீந்துவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் சிலிண்டரைக் கட்டி இறக்கினார்.

கீழே போனதும் ராஜிக்குப் பயம். பயம் வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மூச்சை அடக்குவார்கள். அடக்கிக்கொண்டு மேலே கிளம்பினாள். மாஸ்டர் பாய்ந்து காலைப் பிடித்து இழுத்து, நெஞ்சுக் குழிக்குக் கீழே ஒரு குத்து விட்டார். உள்ளே இருந்த காற்றெல்லாம் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. கரைக்கு வந்ததும் இவள் அவரை அடிக்கப் போயிருக்கிறாள்.

"ஏன் குத்துனீங்க?"

"ஏன் புள்ள மூச்ச அடக்கினாய்? கீழ நாம இழுக்கிற காத்து மேல வர வர ஊதும். வாயத் தொறந்து விடாட்டி நெஞ்சு கிழிஞ்சு போகும். கடல்ல மொதச் சட்டம் அதுதான். மூச்ச அடக்காத. செத்தாலும் அடக்காத."

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். ஒரு பலூனைப் பாதி ஊதிக் காட்டி, கீழே இருக்கும்போது இது இவ்வளவு, மேலே வரும்போது இது இவ்வளவு என்று முழுதாக ஊதினாள். அது என் முகத்துக்கு நேரே வெடித்தது.

"அப்ப நான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது தப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அது அப்பாவுக்கு. இது கடலுக்கு."

அந்த மாஸ்டரிடமே படித்து, பரீட்சை எழுதி, பிறருக்குப் படிப்பிக்கும் சான்றிதழும் வாங்கினாள். கல்யாணம் கட்டினாள். மருமகன் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார், நல்ல பிள்ளை. பிறகு இந்தத் தீவிலிருந்து ஹசன் என்ற கடைக்காரர் கூப்பிட, தன் மகள் தர்ஷினியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைக்கு உடுப்புக் கழுவ ஆள் வேண்டும் என்று சொல்லி என்னையும் வரவழைத்தாள்.

4

இந்தத் தீவில் சாராயம் கிடையாது. சட்டமே அப்படி. நான் வந்த புதிதில் பொழுது சாயும்போது, தெருவில் யாராவது தள்ளாடிக்கொண்டு வருவார்கள் என்று காது தானாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். யாரும் வரவில்லை. இத்தனை ஆண்பிள்ளைகள் நேராக நடப்பதை என் வாழ்நாளில் இங்கேதான் பார்த்தேன்.

இந்த ஊர்ப் பேச்சு காதில் விழும்போது சிங்களம் மாதிரி இருக்கும். அதை நம்பி ஏமாந்திருக்கிறேன். இறைச்சி வாங்க நினைத்து, மாத்தளைச் சந்தையில் கேட்கிற மாதிரி 'மஸ்' என்று கேட்டேன். ஒரு முழுச் சூரை மீனைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். இவர்களுக்கு மஸ் என்றால் மீன். மூன்று நாள் அதே குழம்பு.

வருஷா வருஷம் வேலை பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள், படகில் வேறு தீவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். எந்த நாடு என்று கேட்பார்கள். நான் சத்தமாகச் சொல்வேன். காரணம் இருக்கிறது. பிறந்த மண்ணிலேயே, எந்த நாடும் இல்லாதவள் என்று பாதி வயது வரை என்னை வைத்திருந்தார்கள். என் அண்ணனை இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் எழுதி இந்தியாவுக்கு ரயிலேற்றினார்கள். ரயில் பெட்டிக் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைப் பொலிஸ்காரன் தடியால் தட்டிப் பிரித்தான். ஒரு விரல் இன்னும் நேராக நிமிராது. துரத்தப் போகிறார்களாமே என்று பாக்கியம் கேட்டபோது அந்த விரல்தான் முதலில் வலித்தது.

தர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. இந்த ஊர்ப் பாஷையும் இங்கிலீசும் தண்ணீர் மாதிரி. தமிழ் பேசுவாள், ஆனால் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும். தமிழ் எழுத்தை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் இருட்டு.

5

அன்று காலையில் படகு கிளம்பும்போது நான் துறையில் இருந்தேன். புதிதாக ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். ஆள் நல்ல உயரம், பெரிய உடம்பு. பெண்சாதி மெலிந்தவள், கையில் தண்ணீருக்குள் படம் பிடிக்கும் கெமரா. ராஜி அவருடைய சிலிண்டர் வாரை இழுத்துச் சரிபார்க்கப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். ஹசனைப் பார்த்து ஏதோ சொன்னார். ஹசன் முகம் சுருங்கியது.

"என்னா சொல்றாரு?" என்று ராஜியைக் கேட்டேன்.

"பொம்பளைய நம்பி எறங்க மாட்டாராம். தனக்கு எல்லாம் தெரியுமாம்."

"அப்ப எறக்காத."

"ஏத்தியாச்சும்மா. இனி எம்பொறுப்பு."

இனிச் சொல்லப்போவதை நான் பார்க்கவில்லை. ராஜி சொன்னதும் அந்தப் பெண்சாதியின் படத்தில் இருந்ததும்தான்.

இரண்டு தீவுகளுக்கு நடுவே கடல் பாயும் வாய்க்காலில் இறங்கினார்கள். நல்ல ஆழத்தில் நீரோட்டம் அந்த ஆளைப் பவளப் பாறையில் கொண்டுபோய் மோதியது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பயத்தில் வாயிலிருந்த காற்றுக் குழாயைத் துப்பிவிட்டார். வாயை இறுக மூடிக்கொண்டு மேலே பார்த்து உதைத்துக் கிளம்பினார்.

நெஞ்சு நிறையக் காற்று, வாய் மூடியிருக்கிறது. அப்படியே மேலே போனால் பிணமாகத்தான் மிதப்பார். ராஜி பாய்ந்து அவர் காலைப் பிடித்தாள். அவர் மறு காலால் அவள் முகத்தில் உதைத்தார். மூக்கு உடைந்தது. கண்ணாடிக்குள் இரத்தம். ஒரு கையால் அவர் முதுகு வாரைப் பிடித்து, மரம் ஏறுகிற மாதிரி அவர் மேல் ஏறி முன்னால் வந்தாள். விலாவுக்குக் கீழே ஒரு குத்து. அது முதல் குத்து. படத்தில் பாருங்கள், அவர் வாயிலிருந்து குமிழி எப்படிப் பொங்கி வருகிறது என்று. அந்தக் காற்று வெளியே வந்ததால்தான் அந்த ஆள் இன்று நடமாடுகிறார்.

உடனே தன்னிடம் மேலதிகமாக இருந்த குழாயை அவர் வாயில் திணித்து அழுத்திப் பிடித்தாள். அவர் கடித்துக்கொண்டார். ஒரு மூச்சு இழுத்தார். அதோடு காரியம் முடிந்தது. ஆனால் அவர் அவள் கழுத்தைப் பிடித்தார். பிடித்தபடி முஷ்டியை ஓங்கினார். அப்போதுதான் ராஜி இரண்டாவது குத்தை விட்டாள். விலா எலும்பில் விழுந்தது அது. அவர் கை தளர்ந்தது. பாதி இரத்தமாக இருந்த கண்ணாடியோடு, அவரை அணைத்துப் பிடித்து, அவசரப்படாமல், முறைப்படி மேலே கொண்டுவந்து சேர்த்தாள்.

6

படகு துறையில் கட்டியதும் அந்த ஆள் முதலில் வாந்தி எடுத்தார். பிறகு நிமிர்ந்தார். ராஜி படகிலிருந்து கால் எடுத்து வைத்ததும் கன்னத்தில் அறைந்தார். சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். ஏற்கனவே உடைந்த மூக்கிலிருந்து இரத்தம் பலகையில் தெறித்தது. ராஜி திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி கையை ஓங்கினார்.

நான் தொட்டியில் நீச்சல் செருப்பு அலசிக்கொண்டிருந்தேன். காலில் மாட்டி நீந்துகிற, வாழை மட்டை நீளமுள்ள ரப்பர் செருப்பு. அது என் கையிலேயேதான் இருந்தது. போய் அந்த ஆளின் காதோடு சேர்த்து ஒன்று போட்டேன். ஈர ரப்பர். அவர் திரும்பினார், இன்னொன்று. உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதுக்கு ஓங்கும்போது ஹசன் என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனார்.

"அம்மா! அம்மா! போதும்! ஆளு செத்துடுவாரு!" என்று தெரிந்த அரைகுறைத் தமிழில் கத்தினார்.

"சாகட்டும்! எம்புள்ள காப்பாத்துன உசுரு, அவளயே அடிக்கிறான்! எறக்கி விடுய்யா என்னைய!"

அவர் இறக்கி விடவில்லை.

வீட்டில் ராஜியின் மூக்கில் துணி வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். தர்ஷினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ராஜி பேச்சை எடுத்தாள்.

"அம்மா, மொத குத்து மூச்சுக்கு."

"தெரியும்."

"ரெண்டாவது மூச்சுக்கு இல்ல."

நான் துணியை எடுக்கவில்லை.

"கொழாயக் கடிச்சுட்டான். மூச்சு இழுத்துட்டான். கழுத்தப் புடிச்சிருந்த கையயும் நான் வேற மாதிரி எடுத்திருக்கலாம், அதுக்கு முறை இருக்கு. ஆனா கொழாயோட கன்னம் ரெண்டும் உப்பிப்போயி, கையயும் ஓங்கிட்டு நின்னான். எனக்கு அப்பா மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. வேணும்னேதான் குத்துனேன். அந்த எலும்பு ஒடையணும்னுதான் குத்துனேன்."

"நல்லது," என்றேன்.

"நல்லது இல்லம்மா," என்றாள். "கீழ எங்கிட்ட வர்றவன் எவனா இருந்தாலும் எம்புள்ள மாதிரி. அதுதான் வேல."

7

அந்த ஆள் பொலிசில் எழுதிக்கொடுத்தார். மருத்துவம் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஒரு சேதமும் இல்லை, விலா எலும்பில் மட்டும் கீறல். ராஜியின் சான்றிதழைப் பிடுங்க வேண்டும், அவளையும் என்னையும் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குள் பெண்சாதி பிடித்த படத்தில் குத்து இருந்த துண்டு மட்டும் யார் கையிலோ மாறி ஊரெல்லாம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தர்ஷினியைக் கண்டதும் காற்றில் இரண்டு குத்துக் குத்திக் காட்டிச் சிரித்தார்கள். அவள் தாயோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டை நான் வைத்தால் சாப்பிடுவாள், ராஜி வைத்தால் எழும்பிப் போவாள்.

விசாரணைக்குப் போகும் வழியில் ஹசன் ராஜியிடம் கெஞ்சினார். தர்ஷினி எனக்குத் தமிழில் சொன்னாள்: "ரெண்டு குத்தும் மூச்சுக்குன்னு சொல்லச் சொல்றாரு. அப்படிச் சொன்னா எந்தப் பிரச்சினையும் வராதாம். தண்ணிக்குள்ள நடந்தது யாருக்குத் தெரியும்னு கேக்குறாரு."

நானும் அதைத்தான் ராஜியிடம் சொன்னேன். "சொல்லிட்டுப் போ. ஒனக்கு ஒரு புள்ள இருக்கு."

ராஜி முன்னால் நடந்தாள்.

பொலிஸ் காம்பரா சின்னது. மேசைக்குப் பின்னால் இளவயது அதிகாரி, எங்களுக்கு எதிரே அந்த ஆளும் பெண்சாதியும். தர்ஷினி என் காதருகே உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சையும் தமிழாக்கினாள். அதிகாரி படத்தை ஓடவிட்டார். முதல் குத்தில் நிறுத்தி, இது எதற்கு என்றார். ராஜி சொன்னாள். கடலின் முதல் சட்டத்தைச் சொன்னாள். தர்ஷினி எனக்கு அதைக் கணீரென்று சொன்னாள். படம் மறுபடி ஓடியது. இரண்டாவது குத்து. இது எதற்கு என்றார்.

ஹசன் இருமினார். ராஜி அந்த ஆளைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ பேசினாள். நீளமாக இல்லை. ஹசன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா சொன்னா?" என்றேன்.

தர்ஷினி குனிந்துகொண்டாள்.

"என்னா புள்ள சொன்னா ஒங்கம்மா? வாயத் தொற."

பாதி உதட்டில் வந்தது: "தப்பு பண்ணிட்டேன்னு சொல்றாங்க, அம்மாயி."

"முழுசாச் சொல்லு."

"ரெண்டாவது அடி, கோவத்துல அடிச்சது. அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன். மொதலாவதுக்குக் கேக்க மாட்டேன். மறுபடி நீங்க அப்படி மூச்ச அடக்குனா மறுபடி அடிப்பேன்."

அந்த ஆள் முகம் சிவந்து எழும்பினார். மேசையில் ஓங்கிக் குத்தினார். அதிகாரியின் தேத்தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்தது. பார், அவளே ஒத்துக்கொண்டாள் என்று கத்தினார். அதுவரை வாய் திறக்காத பெண்சாதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தர்ஷினி சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்சாதி கண்ணாலும் கையாலும் பேசினாள்: தன் வாயிலிருந்து காற்று பொங்குகிற மாதிரிக் காட்டினாள், ராஜியைக் காட்டினாள், புருஷனின் நெஞ்சைக் காட்டினாள். அப்போது அவள் சட்டைக் கை மேலே ஏறியது. புஜத்தில் நாலு விரல் பதிந்த நீலம், பழுத்துப்போனது. நானும் பார்த்தேன், ராஜியும் பார்த்தாள். பெண்சாதி சட்டைக் கையை இறக்கிக்கொண்டாள். எந்தத் தேசத்தில் பிறந்தாலும் அந்த நீலத்துக்கு ஒரே நிறம்தான்.

அதிகாரி மேசையைத் துடைத்துவிட்டுச் சொன்னார். இந்த ஆள் இத்தனை பேர் பார்க்க ஒரு பெண்ணை அறைந்திருக்கிறார். கிழவி அவரைச் செருப்பால் அடித்திருக்கிறாள். இந்தப் பெண் ஒரு குத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டாள். அவரும் அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் எல்லார் மேலேயும் வழக்கு. அந்த ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல் சொன்னார். அது மன்னிப்பு என்று தர்ஷினி சொன்னாள்.

பிறகு அதிகாரி என்னைப் பார்த்தார். கிழவி மன்னிப்புக் கேட்கவில்லையே என்றாராம். எனக்கு இங்கிலீசு தெரியாது என்று சொல்லச் சொன்னேன். விட்டுவிட்டார்.

8

ஹசன் ராஜியைக் கொஞ்ச காலம் கடலில் இறக்கவில்லை. சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆள்களைக் கூட்டிப்போன கை சிலிண்டரை உருட்டியது. ஒரு சொல் முணுமுணுக்கவில்லை அவள். சான்றிதழ் கொடுத்தவர்களுக்குத் தானே நடந்ததைத் தெரிவித்தாள். அவர்கள் எச்சரித்துவிட்டு விட்டார்கள். பெர்மிட்டுக்கு இந்த முறையும் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். நேற்று முத்திரை வந்துவிட்டது. மூன்று பேருக்கும்.

இன்று காலையில் ராஜி மறுபடி படகு ஏறினாள். தர்ஷினி துறைக்கு வரவில்லை. ஆனால் ராஜியின் முகக் கண்ணாடியைக் கழுவித் துடைத்து, பைக்குள் முந்தியே வைத்திருந்தது நான் இல்லை.

பாக்கியத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஜிக்கு உன் அண்ணன் கை வந்திருக்கிறது என்றாய். வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. என் கையும் வந்திருக்கிறது. ஆனால் உன் அண்ணன் வாழ்நாள் முழுக்க எத்தனை அடி அடித்தார், ஒரு அடிக்காவது இது தப்பு என்று யாரிடமாவது சொன்னாரா? நானும் சொன்னதில்லை. செருப்படிக்கு இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பொலிஸ்காரன் முன்னால், சோறு போகும் என்று தெரிந்தும், அவள் சொன்னாள். அது எங்கள் இரண்டு பேரிடமும் வாங்கியது இல்லை. எங்கே வாங்கினாளோ எனக்குத் தெரியாது. கடலுக்கடியில் கிடைத்திருக்கும்.

எழுதி முடித்தாயிற்று. தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள், சட்டை மாற்றுகிறாள். கண் எனக்கு மங்கல், எழுதியதை நானே திருப்பிப் பார்க்க முடியாது. அவளைக் கூப்பிடப் போகிறேன்.

இங்க வா புள்ள. உக்காரு. இத மொதல்ல இருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தா திருத்து, மத்தபடி கை வைக்காத. பொலிஸ் காம்பராவுல ஒங்கம்மா சொன்ன எடம் வரும். அங்க அன்னைக்கு மாதிரி குனிஞ்சுக்கிட்டுப் படிக்கக் கூடாது. சன்னலத் தொறந்து வச்சுக்க. படகு திரும்புற நேரம். ஒங்கம்மா காதுல விழுற மாதிரி, மூச்ச நல்லா விட்டுப் படி.